சம்பாவுக்கு ஒரு கணக்கு, உளுந்துக்கு ஒரு கணக்கு: நானோ பாட்டில் எங்கே தேறும்?

காவிரி டெல்டாவில் சம்பா நெல், அது அறுவடையாகும் முன்பே வயல் ஈரத்தில் தூவிவிடும் தரிசு உளுந்து. இந்தச் சுழற்சியை வைத்துத்தான் பேசுகிறேன். நானோ உரமா (பாட்டிலில் வரும், இலையில் தெளிக்கும் நுண்துகள் உரம்), ஒருங்கிணைந்த உர நிர்வாகமா (பசுந்தாள், தொழு உரம், நுண்ணுயிர் உரம், தேவைக்கு ரசாயன உரம் என்று சேர்த்துக் கொடுப்பது) என்றால் நெல்லுக்கு ஒரு பதில், உளுந்துக்கு வேறு.

முதலில் நெல். 45 கிலோ யூரியா மூட்டையில் தழைச்சத்து (நைட்ரஜன்) 46 சதம், அதாவது 20 கிலோவுக்கு மேல். 2021-ல் உரக் கூட்டுறவு நிறுவனமான இஃப்கோ கொண்டுவந்த அரை லிட்டர் நானோ யூரியாவில் 4 சதம்: 20 கிராம். பிறகு வந்த 20 சத வகையிலும் 100 கிராம்தான். துகள் மிகச் சிறியது, இலை வீணாக்காமல் இழுத்துக்கொள்ளும் என்கிறார்கள். இழுக்கட்டும், உள்ளே இருப்பதே அவ்வளவுதானே? பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகம் இரண்டு ஆண்டு சோதித்ததில், தழைச்சத்து உரத்தைக் குறைத்து நானோ தெளித்தபோது நெல் விளைச்சல் 13 சதமும் கோதுமை 21.6 சதமும் குறைந்தன. யூரியா கேட்கப் போன என் தலையில் ஒரு கடைக்காரர் கட்டிய இரண்டு பாட்டில் இன்னும் மோட்டார் கொட்டகையில் கிடக்கிறது.

எதிரே தக்கைப்பூண்டு, நடவுக்கு முன் வளர்த்து வயலிலேயே உழுதுவிடும் பசுந்தாள் செடி. ஏக்கருக்கு 20 கிலோ விதை. 45 நாளில், பூக்கும் முன் மடக்கி உழ வேண்டும். தண்டை ஒடித்தால் மளுக்கென்று ஒடிய வேண்டும், நார் இழுத்தால் நாள் தள்ளிவிட்டது என்று அர்த்தம். நன்றாக வளர்ந்தால் ஒரு மூட்டை யூரியாவின் தழைச்சத்து வயலிலேயே சேரும். ஆனால் குறுவை நெல்லை அறுத்த கையோடு இரண்டாம் போகமாகத் தாளடி நெல் நடுகிறவர் 45 நாளுக்கு எங்கே போவார்? அவருக்குத் தொழு உரம், அசோஸ்பைரில்லம் என்ற நுண்ணுயிர் உரம், அப்புறம் பயிரின் பச்சையை ஒப்பிட்டுத் தழைச்சத்துத் தேவையைச் சொல்லும் இலை வண்ண அட்டையைப் பார்த்துப் பார்த்து யூரியா. பாட்டில் அவருக்கும் மாற்று இல்லை.

உளுந்துக்கு வந்தால் கதை கொஞ்சம் மாறுகிறது. நிற்கிற நெல்லுக்குள் விதைப்பதால் அடியுரம் போட வழியில்லை, இலை வழியாகத்தான் கொடுக்க வேண்டும். வழக்கமான முறை 2 சத டிஏபி (தழைச்சத்தோடு மணிச்சத்தும், அதாவது பாஸ்பரஸும் உள்ள உரம்) கரைசல்: ஏக்கருக்கு 4 கிலோவை முதல் நாள் இரவே வாளியில் ஊறப்போட்டு, காலையில் தெளிவை மட்டும் துணியில் வடிகட்டி, 200 லிட்டராக்கி, பூக்கும்போது ஒரு முறை, 15 நாள் கழித்து ஒரு முறை. அவசரப்பட்டு வண்டலோடு ஊற்றினால் தெளிப்பான் மூக்கு அடைத்துக்கொள்ளும். 50 கிலோ டிஏபி மூட்டை 1,350 ரூபாய் என்றால் ஒரு தெளிப்புக்கு 108 ரூபாய். 2023-ல் 600 ரூபாய்க்கு வந்த நானோ டிஏபி அரை லிட்டரில் மணிச்சத்து 80 கிராம். அந்த 4 கிலோவில் 1,800 கிராமுக்கு மேல். பாதி வண்டலோடு போனாலும் வாளிதான் ஜெயிக்கும்.

சரி, பாட்டிலுக்கு இடமே இல்லையா? ட்ரோனில் உண்டு. பத்து லிட்டர் தொட்டியில் 4 கிலோ டிஏபியைக் கரைத்து ஊற்ற முடியாது, நானோவை ஊற்றலாம். தெளிக்க ஆள் கிடைக்காமல் உளுந்து பூத்து நிற்கிற வருடம் அந்த 600 ரூபாயைக் கூலியாக நினைத்துக் கொடுப்பேன். ஆள் வந்தால் வாளியைத்தான் எடுப்பேன்.