பத்தாவது டிசம்பரிலும் தேயாதவை

கிறிஸ்துமஸ் ஆல்பம் ஒன்றை வாங்கிய வாரத்திலேயே அது நல்லதா இல்லையா என்று சொல்லிவிட முடியாது. மணியும் வயலினும் சேர்ந்திசையும் கலந்து வந்தால் முதல் தடவை எல்லாமே இனிக்கும். பிரச்சினை பிறகுதான். மற்ற இசையைப் போல இது வருடம் முழுக்கக் கூடவே இருப்பதில்லை. பதினொரு மாதம் பெட்டியில் தூங்கும். ஒரே மாதத்தில் நாற்பது, ஐம்பது தடவை ஓடும். மறுபடி பெட்டிக்குப் போய்விடும். அதனால் இதன் தேய்மானமே வேறு ரகம். பதினெட்டு வருடமாக இவற்றைச் சேர்த்தும் கேட்டும், சிலவற்றை யார் தலையிலாவது கட்டிவிட்டும் வருகிறேன். எது தாக்குப்பிடித்தது, எது மூன்றாம் வருடமே திகட்டியது என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

முதலில் எங்கள் வீட்டு விதி. திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறுக்கு முன்னால் பெட்டியைத் திறக்கக் கூடாது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்காவது ஞாயிறு அது; நவம்பர் 27இலிருந்து டிசம்பர் 3க்குள் ஏதாவது ஒரு தேதியில் விழும். இந்த விதி பக்தியில் பிறந்ததில்லை, பட்ட பிறகு வந்தது. ஒரு வருடம் ஆர்வக்கோளாறில் அக்டோபரிலேயே ஆரம்பித்துவிட்டேன். டிசம்பர் 20 வாக்கில் 'சைலண்ட் நைட்' காதில் விழுந்தாலே எழுந்து வெளியே போய்விடலாம் போல் இருந்தது. 1818இல் ஒரு கிடாரை மட்டும் துணைக்கு வைத்துப் பாடிய அந்தச் சின்னப் பாட்டு என்ன பாவம் செய்தது? தப்பு என்னுடையது.

பெட்டி திறந்ததும் முதலில் ஓடுவது எப்போதும் வின்ஸ் குவரால்டி ட்ரையோவின் 'எ சார்லி பிரவுன் கிறிஸ்துமஸ்'. 1965 டிசம்பர் 9 அன்று அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த அரைமணி நேரக் கார்ட்டூனுக்காகச் செய்த இசை. குழந்தைகள் பார்க்கும் படத்துக்கு ஜாஸா என்று தொலைக்காட்சிக்காரர்கள் அப்போது முகம் சுளித்தார்களாம். பியானோ, டபுள் பேஸ், டிரம்ஸ், அவ்வளவுதான். நாற்பது நிமிடத்துக்குள் முடிந்துவிடும். பதினெட்டு வருடத்தில் ஒரு தடவைகூட 'போதும், நிறுத்து' என்று தோன்றாத ஆல்பம் என்னிடம் இது ஒன்றுதான்.

ஏன் என்று நிறைய யோசித்திருக்கிறேன். ஒன்று, இதில் காலி இடம் அதிகம். பியானோ ஒரு வரியைச் சொல்லிவிட்டுச் சும்மா இருக்கும். டிரம்ஸில் பிரஷ் உரசும் சத்தம் மட்டும் கேட்கும். அந்த இடைவெளியில் நம் வீட்டுச் சத்தங்களும் சேர்ந்துகொள்கின்றன. இன்னொன்று, இதில் ஒரு சோகம் இருக்கிறது. 'கிறிஸ்துமஸ் டைம் இஸ் ஹியர்' பாட்டின் சொற்கள் கொண்டாட்டத்தைப் பேசுகின்றன, மெட்டோ யாரையோ தேடுகிறது. பாடியவர்கள் கலிபோர்னியாவின் சான் ரஃபேலில் இருந்த ஒரு தேவாலயத்துப் பாடகர் குழுக் குழந்தைகள். சுருதி அங்கங்கே சற்று நழுவும். முதல் வருடம் அது குறையாகப் பட்டது. இப்போது அந்த நழுவல் வரும் இடத்துக்காகவே காத்திருக்கிறேன். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2012இல் இதைப் பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் பட்டியலில் சேர்த்தது. கூடுதல் பதிவுகளோடு வந்த பெரிய பதிப்புகளையும் கேட்டுப் பார்த்தேன். ஒரே மெட்டின் ஆறு முயற்சிகளைக் கேட்பது ஆராய்ச்சிக்கு உதவும், டிசம்பர் மாலைக்கு உதவாது.

இதற்கு நேர் எதிர் ஃபில் ஸ்பெக்டர் தயாரித்த 'எ கிறிஸ்துமஸ் கிஃப்ட் ஃபார் யூ'. 1963 நவம்பர் 22 அன்று வெளிவந்தது. அன்றுதான் அமெரிக்க அதிபர் கென்னடி சுடப்பட்டார். கொண்டாட்டப் பாட்டு கேட்கும் மனநிலையில் அந்த நாடே இல்லை. பின்னால்தான் இது தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடப்பட்டது. முதல் மூன்று வருடம் என் பட்டியலிலும் இதுதான் முதல். நாலாம் வருடம் தலைவலி. ஒரே பகுதியைப் பல கிடார்களும் பல பியானோக்களும் சேர்ந்து வாசிக்க, அதையெல்லாம் எதிரொலி அறையில் ஊறவைத்துச் செய்த இசை அது. குவரால்டியில் இருக்கும் காலி இடம் இதில் விரலளவுகூடக் கிடையாது. ஹெட்போனில் இருபது நிமிடத்துக்கு மேல் என்னால் தாங்க முடிவதில்லை.

தற்செயலாகத்தான் ஒரு விஷயம் புரிந்தது. பெரிய ஸ்பீக்கர் பழுதான ஒரு வருடம், உள்ளங்கை அளவு ஸ்பீக்கர் ஒன்றில் இதைப் போட்டுவிட்டு அடுத்த அறையில் அலங்கார விளக்குச் சரங்களின் சிக்கலை எடுத்துக்கொண்டிருந்தேன். அடடா, அப்படி ஒலித்தது! மோனோ பதிவு, சின்ன வானொலிப் பெட்டிகளை மனதில் வைத்துக் கலந்தது. நல்ல கருவியில் அடைசலாகக் கேட்பது, சாதாரணக் கருவியில் பக்கத்து அறையிலிருந்து வரும்போது உயிர் பெறுகிறது. அன்றிலிருந்து இது எங்கள் வீட்டில் வேலை நேர ஆல்பம். டார்லீன் லவ் பாடும் 'கிறிஸ்துமஸ் (பேபி ப்ளீஸ் கம் ஹோம்)' வந்தால் மட்டும் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு நின்று கேட்பேன். கடைசிப் பாட்டில் ஸ்பெக்டரே பேசுகிறார். பிற்பாடு கொலைக் குற்றத்தில் தண்டனை பெற்று, தண்டனைக் காலத்திலேயே இறந்தவர் அவர். அந்தக் குரல் வருவதற்குள் நிறுத்திவிடுவேன்.

தேய்மானம் என்றதும் பிங் கிராஸ்பி நினைவுக்கு வருகிறார். இர்விங் பெர்லின் எழுதிய 'வைட் கிறிஸ்துமஸ்' பாட்டை அவர் முதலில் பதிவுசெய்தது 1942 மே மாதம். பிரதி எடுத்து எடுத்து மூலத் தட்டே தேய்ந்துபோனதால் 1947 மார்ச்சில் மறுபடி பாட வேண்டியதாயிற்று. நாம் இன்று வழக்கமாகக் கேட்பது அந்த இரண்டாவது பதிவைத்தான். உலகிலேயே மிக அதிகமாக விற்ற தனிப்பாடல் என்று கின்னஸ் சொல்லும் கணக்கு 5 கோடிப் பிரதி. அவருடைய 'மெர்ரி கிறிஸ்துமஸ்' 1945இல் வந்தபோது அது நிஜமாகவே ஓர் ஆல்பம்: புகைப்பட ஆல்பம் போல உறைகள் வைத்துத் தைத்த புத்தகம், உள்ளே ஐந்து தட்டுகள். குரல் இன்றும் வெதுவெதுப்பாக இருக்கிறது. பின்னால் 'ஊ' போடும் சேர்ந்திசைதான் பழசாகிவிட்டது. நான்கு பாட்டோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நாட் கிங் கோல் அப்படி இல்லை. 'தி கிறிஸ்துமஸ் சாங்' 1945இல் கொதிக்கும் கோடையில், உடம்பு குளிரட்டும் என்று குளிர்காலச் சங்கதிகளை எழுதிப் பார்த்ததில் பிறந்த பாட்டு. கோல் இதை 1946இலிருந்து பல தடவை பதிவுசெய்தார். எல்லா இடத்திலும் ஒலிப்பது 1961 பதிவு. வேடிக்கை என்னவென்றால், 1960இல் வந்த அவருடைய கிறிஸ்துமஸ் ஆல்பத்தில் இந்தப் பாட்டு கிடையாது. மறுபதிப்பில் ஆல்பத்தின் பெயரையே மாற்றி, இதை முதலில் வைத்தார்கள். இரவு பத்து மணிக்கு மேல், சத்தத்தைப் பாதியாகக் குறைத்துக் கேட்க வேண்டிய ஆல்பம். காலையில் போட்டால் எடுபடாது, பல தடவை முயன்றாயிற்று.

ஆள் கூடும் நேரத்துக்கு எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டின் 1960 ஆல்பம். வேலை செய்துகொண்டே கேட்க ஜார்ஜ் வின்ஸ்டனின் 'டிசம்பர்', தனிப் பியானோ. மரையா கேரியின் 1994 ஆல்பத்தை நான் வீட்டில் போடுவதில்லை. அதன் புகழ்பெற்ற பாட்டு 25 வருடம் கழித்து 2019இல் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. போகிற இடமெல்லாம் அதுவே ஒலிக்கும்போது காசு கொடுத்து வீட்டிலும் ஏன்?

ஜிம் ரீவ்ஸ் தனி விவகாரம். 'ட்வெல்வ் சாங்ஸ் ஆஃப் கிறிஸ்துமஸ்' 1963இல் வந்தது. அடுத்த வருடம் ஜூலையில் விமான விபத்தில் அவர் போய்விட்டார். மைக்குக்கு மிக அருகில் நின்று, காதில் சொல்வது போலப் பாடுவார். என் மனைவி கொண்டுவந்த கேசட்டில்தான் இதை வருடக்கணக்கில் கேட்டோம். நாடா இழுபட்டு, பாட்டு கொஞ்சம் மெதுவாக, கொஞ்சம் கனத்த குரலில் ஓடும். கேசட் அறுந்த பிறகு சி.டி. வாங்கிப் போட்டால், "இவர் ஏன் இப்படி அவசரப்படுகிறார்?" என்று கேட்டாள். சரியான வேகம் அதுதான். ஆனால் எங்கள் ஜிம் ரீவ்ஸ் அந்த மெதுவான ஆள்தான். சி.டி. பத்து வருடமாக இருக்கிறது, இன்னும் முழுதாக ஒட்டவில்லை.

நடுவில் இரண்டு வருடம் எல்லாவற்றையும் ஒரு ஸ்ட்ரீமிங் செயலிக்கு மாற்றினேன். வசதிதான். ஆனால் பிளேலிஸ்ட்டில் 1947 மோனோ பதிவுக்கு அடுத்தபடி போன வருடத்துப் பாட்டு வரும். ஒலியளவு அலறும், ஓடிப்போய்க் குறைக்க வேண்டும். டிசம்பர் நடுவில் ஓர் ஆல்பம் சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போனது. அத்தோடு சி.டி. பெட்டிக்கே திரும்பிவிட்டேன்.

டிசம்பர் 24க்கு ஆல்பம் கிடையாது. அன்று கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரி ஆலயத்திலிருந்து வரும் வழிபாட்டை வானொலியில் நேரலையாகக் கேட்போம். ஒன்பது வாசகம், இடையிடையே கேரல்கள். அங்கே 1918இல் தொடங்கியது, 1928இலிருந்து ஒலிபரப்பாகிறது. 1930இல் மட்டும் விட்டுப்போயிற்று. பிரிட்டிஷ் நேரம் பிற்பகல் 3 மணிக்கு ஒரு சிறுவன் துணை இசை இல்லாமல் தனியாக ஆரம்பிப்பான். யார் பாடுவது என்பது கடைசி நிமிடம் வரை அந்தச் சிறுவர்களுக்கே தெரியாது. இதன் பதிவுகளும் என்னிடம் இருக்கின்றன, குறையே சொல்ல முடியாது. ஆனாலும் யாரோ இருமுவதும், பையன் மூச்சு இழுப்பதும், நம் நெஞ்சு ஒரு கணம் நிற்பதும் நேரலையில்தான்.

அப்புறம் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக். தனிக்குரலும் சேர்ந்திசையும் வாத்தியங்களும் கூடி வேதக் கதையைச் சொல்லும் அவருடைய 'கிறிஸ்துமஸ் ஆரட்டோரியோ'வை ஆரம்ப வருடங்களில் 25ஆம் தேதி ஒரே மூச்சில் கேட்டேன். இரண்டரை மணி நேரம். நாலாம் பாகத்தில் தூங்கிவிடுவேன். பிடிக்கவில்லை என்று ஒதுக்கியும் வைத்தேன். பிறகுதான் தெரிந்தது, பாக் இதை ஒரே நாளில் பாடுவதற்கு எழுதவே இல்லை. 1734-35இல் லைப்சிக்கில் ஆறு பாகங்களையும் ஆறு நாட்களில் பாடினார்கள்: டிசம்பர் 25, 26, 27, ஜனவரி 1, புத்தாண்டுக்குப் பிந்தைய ஞாயிறு, ஜனவரி 6. நானும் அப்படியே பிரித்தேன். அதே சி.டி., வேறு அனுபவம்.

முதல் பாகம் முரசோடு தொடங்கும். அந்த இசை அதற்கு முந்தைய வருடம் ஓர் அரசியின் பிறந்தநாளுக்குச் செய்தது. மூலச் சொற்களே முரசை முழங்கச் சொல்பவைதான். 25ஆம் தேதிக் காலைக்கு வேறென்ன வேண்டும்? மறுநாள் வீடு களைத்துக் கிடக்கும். இரண்டாம் பாகம் முரசும் எக்காளமும் இல்லாமல், இடையர்களை நினைவூட்டும் ஓபோ என்ற குழல் வாத்தியங்களோடு மெல்ல ஆரம்பிக்கும். எனக்காகவே செய்து வைத்தது போல் இருக்கும். 27க்குப் பிறகு நாலு நாள் காது ஓய்ந்திருக்க, ஜனவரி 1 அன்று கொம்புகள் வரும்.

கார்ல் ரிக்டரின் 1965 பதிவில் தொடங்கினேன். பெரிய சேர்ந்திசை, நிதானமான நடை. வருடம் ஏற ஏற அது கனமாகத் தெரிந்தது. இப்போது ஜான் எலியட் கார்டினரின் 1987 பதிவுதான் அதிகம் ஓடுகிறது; காலத்துக்கேற்ற பழைய வாத்தியங்கள், துள்ளலான வேகம். ஆனாலும் ரிக்டரைக் கைவிட முடியவில்லை. அதில் பாடும் ஃப்ரிட்ஸ் வுண்டர்லிக் அடுத்த வருடமே, 36 வயது ஆகும் முன்பே இறந்துவிட்டார். அந்தக் குரலுக்காக வருடத்தில் ஒரு நாளாவது அது வெளியே வரும்.

முதல் பாகத்தில் முதலில் வரும் கோராலும் (ஜெர்மன் தேவாலயக் கீதம்) ஆறாம் பாகத்தின் கடைசிக் கோராலும் ஒரே மெட்டு என்பதைக் கவனிக்க எனக்கு நாலு வருடம் ஆயிற்று. அது இயேசுவின் பாடுகளை, அதாவது அவர் பட்ட துன்பத்தையும் சாவையும், பாடும் பாட்டின் மெட்டு. பாக் தன் 'மத்தேயு பாடுகள்' என்ற படைப்பில் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியது. பிறந்த நாளன்றே சாவின் மெட்டை மெதுவாகப் பாடிவிட்டு, ஜனவரி 6 அன்று அதையே எக்காளங்களோடு வெற்றி முழக்கமாக முடிக்கிறார். ஒரே மூச்சில் கேட்ட காலத்தில் இது காதில் விழவே இல்லை. பன்னிரண்டு நாள் இடைவெளி விட்டுக் கேட்டபோதுதான் பொறி தட்டியது.

அது முடிந்ததும் அன்று இரவே எல்லாம் பெட்டிக்குள் போய்விடும். போன மார்ச்சில் மகள் குவரால்டி ஆல்பத்தில் வரும் 'லினஸ் அண்ட் லூசி'யைப் பியானோவில் பழகிக்கொண்டிருந்தாள். விதியை நினைவூட்டினேன். "அப்பா, இது 1964லேயே வேறொரு ஆல்பத்தில் வந்துவிட்டது. இது கிறிஸ்துமஸ் பாட்டே கிடையாது" என்றாள். பார்த்தேன், சரிதான். மார்ச் முழுக்க அதுதான் ஓடியது.