பைத்தான் லேப் இன்டர்னல்: ஆட்டோ கிரேடரா, வைவாவா?

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறைப்படி முதல் செமஸ்டர் பைத்தான் லேபுக்கு இன்டர்னல் 60, செமஸ்டர் தேர்வு 40. அந்த 60-ஐ எதைப் பார்த்துப் போடுவது என்பதில் பாடம் எடுப்பவருக்குக் கொஞ்சம் இடம் இருக்கிறது. ப்ரோக்ராமைத் தானாகவே ஓட்டிப் பார்த்து மார்க் போடும் ஆட்டோ கிரேடரா, நேரில் கேள்வி கேட்கும் வைவாவா என்றால், என் வகுப்பில் நான் வைவா பக்கம் வந்துவிட்டேன்.

ரெக்கார்டு நோட்டைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். ஒருவர் எழுதியதைப் பார்த்து வகுப்பே எழுதும்.

மூடுல் என்ற ஆன்லைன் பாடத் தளத்தில் விபிஎல், கோட்ரன்னர் மாதிரி ஆட்டோ கிரேடர் ஒன்றைச் சேர்த்துக்கொண்டால், ப்ரோக்ராமை ஏற்றிய உடனே டெஸ்ட் கேஸ்கள் (இந்த இன்புட்டுக்கு இந்த விடை வர வேண்டும் என்ற சோதனைகள்) ஓடி மார்க் வந்துவிடும். பாரபட்சம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ராத்திரி பதினொரு மணிக்கும் பிழையைத் திருத்தி மறுபடி போடலாம். புதிதாகக் கற்பவர்களுக்கு இது பெரிய உதவி. இன்புட் கேட்கும்போது 'எண்ணைக் கொடுங்கள்' என்று அச்சிட்டால் அதுவும் அவுட்புட்டில் சேர்ந்து, சரியான விடைக்கும் பூஜ்யம் விழலாம். சரி, அதை முதல் வாரமே சொல்லிவிடலாம்.

ஆனால் அந்த ப்ரோக்ராமை எழுதியது யார்? ஒருவரைப் பார்த்து இன்னொருவர் எழுதினால் ஸ்டான்ஃபோர்டின் மாஸ் போன்ற ஒப்பீட்டுக் கருவி காட்டிக்கொடுக்கும். சாட்ஜிபிடி ஆளுக்கொரு விதமாக எழுதித் தந்தால் அந்தக் கருவியை நம்பி உட்கார முடியாது. எனக்கு முடிவைத் தீர்மானித்தது இதுதான்.

ஃபேக்டோரியல் ப்ரோக்ராமையே எடுத்துக்கொள்ளுங்கள். ரேஞ்சில் ஒன்றிலிருந்து 'என் ப்ளஸ் ஒன்' (n+1) வரை என்று இருக்கும்; பைத்தானில் ரேஞ்ச் கடைசி எண்ணைச் சேர்க்காது. "அந்த ப்ளஸ் ஒன்னை எடுத்துட்டா, அஞ்சுக்கு என்னப்பா வரும்?" என்று கேட்பேன். புரிந்து எழுதியவர் கொஞ்சம் யோசித்து, "நாலோட நின்னுடும் சார், 24" என்பார். எங்கிருந்தோ எடுத்து ஒட்டியவர் இருக்கும் வரிகளையே திரும்ப வாசித்துக் காட்டுவார். இன்னும் சிலர் விடையைத் தவறாகச் சொன்னாலும், பேப்பரை இழுத்து ஒவ்வொரு சுற்றாக எழுதிப் பார்ப்பார்கள். அந்த முயற்சிக்கு டெஸ்ட் கேஸ் மார்க் தராது, நான் தரலாம்.

விலை நேரம்தான். 60 பேருக்கு ஆளுக்கு 5 நிமிடம் என்றாலே 5 மணி நேரம். அதனால் லேப் நேரத்திலேயே, மற்றவர்கள் அடுத்த பயிற்சியைச் செய்துகொண்டிருக்கும்போது, சிலர் சிலராகக் கூப்பிடுகிறேன். ஆட்டோ கிரேடரையும் விடவில்லை. அதில் தேறிய ப்ரோக்ராமோடுதான் வைவாவுக்கு வர வேண்டும், மார்க் மட்டும் வைவாவுக்கு.

தமிழ் மீடியத்திலிருந்து வந்தவர்கள் இங்கிலீஷில் கேட்டால் தெரிந்ததையும் சொல்லாமல் நின்றுவிடுகிறார்கள். தமிழில் பதில் சொன்னால் போதும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கேள்விகளையும், எதற்கு எத்தனை மார்க் என்பதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அப்படியும் இன்னொரு ஆசிரியர் கேட்டால் அதே மார்க் வருமா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. நான் செய்து பார்த்தது ஒரே செக்‌ஷனில். மூன்று நான்கு செக்‌ஷனை ஒருவரே பார்க்கும் நிலை என்றால், இன்டர்நெட்டை நிறுத்திவிட்டு லேபிலேயே ஆட்டோ கிரேடர் டெஸ்ட் வைப்பதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும் என்று தோன்றுகிறது.