நாலு வெளிநாட்டவர், ஒரே வசனம்: ஃபுட்பால் மேனேஜர் 24-ஐ நெடுநாள் ஆடிய பிறகு

ஒரு கிளப்பை நாமே மேனேஜராக நடத்தும் கம்ப்யூட்டர் கேம் ஃபுட்பால் மேனேஜர் 24. அதில் தோற்பது எனக்குப் பிரச்சினையே இல்லை. கடைசி நிமிஷ கோல், காயம், ரெட் கார்டு எல்லாம் ஃபுட்பாலில் உள்ளதுதான். எனக்குப் பற்றிக்கொண்டு வருவது வீரர்கள் வந்து பேசும்போது. இருபது வயசுப் பையனும் முப்பது தாண்டிய ஸ்டாப்பரும் (நடு டிஃபெண்டர்), இங்கே பிறந்தவனும் போர்ச்சுகலில் பிறந்தவனும், ஒரே வசனத்தை ஒப்பிக்கிறார்கள். ஒரு வீரனின் குணத்தை இவ்வளவு நுணுக்கமாக எண்களில் வடித்துவிட்டு, அவனுக்குச் சொந்தமாக ஒரு பேச்சைக் கொடுக்காமல் எப்படி விட்டார்கள் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

இதை இப்போது எழுதக் காரணம், வியாசர்பாடியில் சின்னப் பசங்களுக்குக் கோச்சிங் கொடுக்கும் ஒரு தம்பி. கோச்சுகளுக்கான டி லைசென்ஸ் கோர்ஸுக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறான். "அண்ணா, கேம் ஆஃபர்ல வந்திருக்கு. வாங்கினா டிரெய்னிங் பிளான் போட யூஸ் ஆகுமா?" என்று கேட்டான். ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. அடுத்த பதிப்பான 25-ஐக் கைவிட்டுவிட்டதாக 2025 பிப்ரவரியில் அறிவித்துவிட்டார்கள். அதற்குப் பிறகும் 24-ஐ விடாமல் ஆடிக்கொண்டிருப்பவன் நான். அதனால் இதன் நல்லதும் கெட்டதும் எனக்கு நன்றாகவே பழக்கம்.

நான் நடத்துவது சென்னையின் எஃப்சி. 2015-லும் 2017-18-லும் ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கோப்பையைத் தூக்கிய டீம். இந்தப் பதிப்பு காட்டும் 2023-24 சீசனில் அவர்கள் நிஜத்தில் ஆறாவதாக முடித்துத்தான் பிளேஆஃபுக்குள் நுழைந்தார்கள். ஆக, கையில் கிடைப்பது நடுத்தரமான ஒரு ஸ்குவாட். டாக்டிக்ஸைச் சோதித்துப் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது. பெரிய டீமை எடுத்தால் எந்த டாக்டிக்ஸும் ஜெயிக்கும். அதில் எது நம் வேலை, எது வீரர்களின் தரம் என்று பிரித்துப் பார்க்கவே முடியாது.

நெட்டில் கிடைக்கும் ரெடிமேட் டாக்டிக்ஸ்களில் பாதிக்கு மேல் 4-2-3-1 ஃபார்மேஷன், ஏறி நிற்கும் டிஃபென்ஸ், பந்து போன நொடியே பாய்ந்து மடக்கும் பிரஸ்ஸிங். ஐரோப்பிய டீம்களை வைத்துச் சோதித்தவை அவை. அதை அப்படியே கொண்டுவந்து ஐஎஸ்எல் டீமில் வைத்தால், பின்னாலிருந்து பாஸ் போட்டே முன்னேறச் சொல்லும் கட்டளையில்தான் முதலில் உதைக்கும். ஸ்டாப்பருக்கு பாஸிங் 9, பதற்றமில்லாமல் ஆடும் திறன் 9 என்று இருந்தால் (எல்லாத் திறனும் 20-க்குத்தான்), எதிரணி ஃபார்வர்டு நெருங்கியதும் பந்தை அவன் காலிலேயே வைத்துவிடுகிறான். நான் அந்தக் கட்டளையை மட்டும் எடுத்துவிட்டு, கீப்பர் பந்தை சைடு பேக்குகளிடம் உருட்டும்படி மாற்றினேன். பிரஸ்ஸிங்கைத் தொடவில்லை. டிஃபென்ஸ் கோட்டை ஒரு படி மட்டும் கீழே இறக்கினேன். வீரர்கள் அதே ஆட்கள்தான். ஆனால் நம் பாக்ஸுக்கு முன்னால் பந்தைப் பறிகொடுப்பது கண்ணுக்குத் தெரிந்தே குறைந்தது.

சோதிக்கிறவர்கள் பலர் ஸ்கோரைப் பார்த்துத் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். ஒரு மேட்ச்சில் 3-0 என்றால் எதுவும் நிரூபணமாகாது. வரிசையாக வரும் மேட்ச்களுக்கு முன்னால் ஒரு சேவ் போட்டுவைத்து, ஒரே ஒரு மாற்றத்தோடு திரும்பத் திரும்ப ஆடிப் பார்க்க வேண்டும். எக்ஸ்ஜி (கிடைத்த வாய்ப்புகளின் தரத்துக்கு எத்தனை கோல் வந்திருக்க வேண்டும் என்ற கணக்கு) எவ்வளவு, ஷாட் எங்கிருந்து வந்தது, பந்து எந்த இடத்தில் பறிபோகிறது, இந்த மூன்றும்தான் பேசும். இன்னொன்று, டீமுக்கு ஒரு ஃபார்மேஷன் பழகவே சில வாரம் ஆகும். அந்தப் பழக்கத்தைக் கேம் தனியாகவே கணக்கு வைக்கிறது. மாற்றிய மறுநாளே வரும் முடிவை வைத்துப் புது டாக்டிக்ஸைத் திட்டுவது அநியாயம். சீசனுக்கு முன் நம் ரிசர்வ் டீமோடேயே ஃப்ரெண்ட்லி போட்டுக்கொள்ளலாம். நான் அதைத்தான் செய்கிறேன். கேமுக்குள் மேனேஜருக்கு லீவு போட்டுவிட்டு அசிஸ்டன்ட்டை நடத்தவிட்டுச் சோதிப்பவர்களும் உண்டு. அதில் லெவனை அவன் இஷ்டத்துக்குப் போட்டுவிடுகிறான். எனக்கு அந்த முடிவுகளில் நம்பிக்கை இல்லை.

லேப்டாப் பற்றியும் ஒரு வார்த்தை. என்னுடையது சூடாகி நின்றுவிடும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஃபேனைச் சுத்தம் செய்து தெர்மல் பேஸ்ட் மாற்றிய பிறகு ஓடுகிறது. ஆரம்பத்திலேயே இந்தியாவை மட்டும் முழு லீகாக ஏற்றிக்கொண்டு, மேட்ச்சை 2டி-யில் பார்த்தால் பழைய மெஷினும் தாங்கும்.

சரி, ஸ்குவாடுக்கு வருகிறேன். களத்தில் ஒரே நேரத்தில் நாலு வெளிநாட்டவர்தான் நிற்கலாம் என்ற ஐஎஸ்எல் விதி கேமிலும் உண்டு. இந்த ஒரு விதியே சீசன் முழுக்க நம்மை யோசிக்க வைக்கும். அந்த நாலு இடத்தை எங்கே செலவு செய்வது? நிஜத்தில் நம் கிளப்புகள் முதலில் கைவைப்பது ஸ்ட்ரைக்கர் இடத்தில்தான். கோல் அடிக்கும் வேலையை வெளிநாட்டவருக்குக் கொடுத்துக் கொடுத்து, இந்திய அணியின் நட்சத்திர ஸ்ட்ரைக்கராக இருந்த சுனில் சேத்ரிக்குப் பிறகு யார் என்ற கேள்விக்கு இன்றைக்கும் பதில் இல்லாமல் நிற்கிறோம். வட சென்னையில் பந்து உதைத்து வளர்ந்தவர்களுக்கு இது வெறும் புள்ளிவிவரம் இல்லை. நம் பக்கத்துப் பையன்கள் ஃபார்வர்டாக வளர்ந்துவிட்டு, பெரிய கிளப்புக்குப் போனதும் விங்கிலோ பேக்கிலோ ஒதுங்கிவிடுகிறார்கள். சென்னைப் பையன் நந்தகுமார் சேகர் 2023 டூராண்ட் கோப்பையில் ஈஸ்ட் பெங்காலுக்காக மோகன் பாகனுக்கு எதிராக அடித்த அந்த ஒரே கோலை இங்கே யாரும் மறக்கவில்லை. அவரும் விங்கர்தான்.

அதனால் கேமில் ஒரு முடிவு எடுத்தேன். வெளிநாட்டவர் நாலு பேரும் டீமின் முதுகெலும்பில்தான்: ஒரு ஸ்டாப்பர், ஒரு டிஃபென்ஸிவ் மிட், இரண்டு பாக்ஸுக்கும் நடுவே ஓடியாடும் ஒரு பாக்ஸ் டு பாக்ஸ் மிட், ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால் ஆடும் ஒரு நம்பர் 10. ஸ்ட்ரைக்கர் எப்போதும் இந்தியன். கோல் குறைந்தாலும் சரி.

இங்கேதான் டிரெய்னிங் என்னைக் கட்டிப்போட்டது. அகாடமியிலிருந்து வருஷாவருஷம் வரும் பையன்களில் ஒருவன் கிடைத்தான். விங்கர். வேகம் இருக்கிறது, ஃபினிஷிங் சுமார். தனிப்பயிற்சியில் இடத்தை ஸ்ட்ரைக்கர் என்று மாற்றி, ரோலை பிரஸ்ஸிங் ஃபார்வர்டு என்று வைத்து, கூடுதல் கவனத்துக்கு ஷூட்டிங்கைக் கொடுத்தேன். ஃபார்மேஷன் படத்தில் அந்த இடத்து வட்டம் முதலில் சிவப்பாகத்தான் இருந்தது. வாரங்கள் போகப்போக ஆரஞ்சு, மஞ்சள், வெளிர்பச்சை. ஃபினிஷிங் பக்கத்தில் ஒரு சின்ன பச்சை அம்பு ஏறி நிற்கும்போது வரும் சந்தோஷம் மேட்ச் ஜெயிக்கும்போதுகூட வருவதில்லை. இதை யாராவது மிகை என்று நினைத்தால், ஒரு பையனை மாதக்கணக்கில் வளர்த்துப் பாருங்கள், தெரியும்.

வார அட்டவணையும் அப்படித்தான். ஒரு நாளைக்கு மூன்று செஷன் வரை போடலாம். மேட்ச்சுக்கு மறுநாள் ரெகவரி, அப்புறம் முடிந்த மேட்ச்சை அலசும் ரிவ்யூ, நடுவாரத்தில் உடம்பை வாட்டும் வேலை, மேட்ச்சுக்கு முந்தைய நாள் செட் பீஸும் (கார்னர், ஃப்ரீ கிக்) எதிரணி பற்றிய ப்ரிவ்யூவும். எந்த வீரன் எந்த யூனிட்டில் இருக்கிறான் என்பதைப் பலர் பார்ப்பதே இல்லை. ஏறி ஆடும் சைடு பேக்கை டிஃபென்ஸ் யூனிட்டிலேயே விட்டுவிட்டால், அட்டாக்கிங் செஷன்களில் அவனுக்குக் கிடைக்க வேண்டியது கிடைக்காது. உடல்நிலையைப் பொறுத்துத் தீவிரம் தானாக ஏறி இறங்கும்படியும் வைத்துவிடலாம்: களைத்தவனுக்கு ஓய்வு, அரைகுறையாக இருப்பவனுக்குப் பாதி, தெம்பாக இருப்பவனுக்கு இரட்டிப்பு. வாரம் இரண்டு மேட்ச் வரும் நாட்களில் இரட்டிப்பைத் தூக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் தொடைத் தசை பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராக உட்காருவார்கள்.

மென்டரிங் இன்னும் அழகு. குறைந்தது மூன்று பேர் கொண்ட குழுவில் நல்ல குணமுள்ள சீனியர்களோடு பையனைச் சேர்த்துவிட்டால், அவர்களுடைய உழைப்பும் கட்டுப்பாடும் மெல்ல மெல்ல அவனிடம் ஒட்டுகிறது. என் பையனை டிஃபென்ஸிவ் மிட்டோடும் கேப்டனோடும் போட்டேன். அலட்சியமாகத் திரிந்தவன் ஒரு சீசனில் ஆளே மாறிவிட்டான்.

இவ்வளவையும் செய்த கேமில்தான் அந்தப் பேச்சு வருகிறது. பையன் கோல் அடிக்கத் தொடங்கியதும் பெரிய கிளப் ஒன்றின் கண்ணில் பட்டான். ஒரு நாள் என் ரூமுக்கு வந்து, பெரிய இடத்தில் ஆட ஆசை, போக விடுங்கள் என்றான். எனக்குக் கிடைத்த பதில்கள் நாலைந்து: போகாதே, நல்ல விலை வந்தால் பார்க்கலாம், ஸ்குவாடைப் பலப்படுத்துகிறேன், இப்படி. நல்ல விலை வந்தால் பார்க்கலாம் என்றேன். அது உடனே வாக்குறுதியாகப் பதிவாகிவிட்டது. அடுத்த மாதம் பெஞ்சில் உட்கார்ந்திருந்த வெளிநாட்டு ஸ்டாப்பர் வந்தான். அவன் குறை ஆட்ட நேரம். களத்தில் நாலு பேருக்குத்தான் இடம், நீ அஞ்சாவது ஆள், அதனால் உட்காருகிறாய் என்று சொல்ல எனக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. ஊருக்கே தெரிந்த விதி அது. அதை எடுத்துச் சொன்னால் மனுஷனுக்குப் புரியாதா? கிடைத்த பதில்களில் ஒன்றைச் சொன்னேன். பையன் அன்றைக்குப் பேச்சை முடிக்கும்போது சொன்ன அதே வசனத்தை எழுத்து மாறாமல் சொல்லிவிட்டு, முகத்தைத் தூக்கிக்கொண்டு போனான். பின்னாலேயே அவன் குழுவில் இருக்கும் மூன்று பேர் வந்து, அவனை நடத்திய விதம் பிடிக்கவில்லை என்றார்கள். நான் நடத்தியது இருக்கட்டும், விதியைப் பற்றி ஒருவனும் பேசவில்லை.

நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். உள்ளே ஓடும் கணக்கு மோசமில்லை. நம் கண்ணுக்குக் காட்டாத லட்சியம், விசுவாசம், தொழில்பக்தி, கோபம் எல்லாவற்றுக்கும் தனித்தனி எண் வைத்திருக்கிறார்கள். பேசி முடித்த பிறகு யார் ஆறிப்போகிறான், யார் மாதக்கணக்கில் முறைக்கிறான் என்பது அந்த எண்களின்படிதான் நடக்கிறது. விசுவாசமானவன் சீக்கிரம் சமாதானமாவதை நானே பார்த்திருக்கிறேன். உலகம் முழுக்க இத்தனை லீக், இத்தனை வீரர்கள், இத்தனை மொழிகள். எல்லோருக்கும் தனிப் பேச்சு எழுதுவது லேசான வேலை இல்லை. ஒப்புக்கொள்கிறேன்.

ஆனாலும் மனசு ஆறவில்லை. நம்ம கிரவுண்டில் ஒரு பையனை வெளியே உட்கார வைத்தால் கோச் தோளில் கைபோட்டு, "டேய், இன்னைக்கு அவன் ஆடட்டும். அடுத்த மேட்ச் ஃபர்ஸ்ட் ஹாஃப் உனக்கு" என்கிறார். பையன் முனகிக்கொண்டே போய் வாட்டர் பாட்டிலை எடுத்து வைக்கிறான். ஸ்குவாடைப் பிடித்து வைத்திருப்பதே இந்த ரெண்டு வரிதான். அட்டவணை அப்புறம். இருபதுக்கு எத்தனை என்று ஒருவனின் மனசை அளந்து வைத்த கேமுக்கு, நாலு பேருக்குத்தான் இடம் என்று எடுத்துச் சொல்லக்கூட ஒரு வழி வைக்கத் தோன்றவில்லை என்றால், வீரர்களைக் கட்டி மேய்ப்பது பற்றி அது எனக்கு என்ன சொல்லிக்கொடுத்துவிடப் போகிறது?

ஆகவே தம்பி, வாங்காதே. இதில் இருக்கும் டிரெய்னிங் சம்பளம் வாங்கும் ஆட்களுக்கானது. உன்னிடம் இருப்பவர்கள் பத்துப் பன்னிரண்டு வயசுப் பிள்ளைகள். அவர்களுக்கு அட்டாக்கிங் யூனிட்டும் வேண்டாம், இரட்டைத் தீவிரமும் வேண்டாம். அந்தக் காசுக்குக் கோனும் பிப்பும் ரெண்டு நல்ல பாலும் வாங்கு. வேலைச்சுமையை வாரத்துக்குள் எப்படிப் பிரிக்கிறார்கள் என்று பார்க்க மட்டும் ஆசையாக இருந்தால், என் லேப்டாப்பிலேயே காட்டுகிறேன். அதற்கு ஒரு மாலை போதும்.

நான் விடப்போகிறேனா என்று கேட்டால், இல்லை. சேவில் அடுத்து நிற்பது செமிஃபைனல். பையன் இன்னும் முறைத்துக்கொண்டுதான் இருக்கிறான், வாக்குறுதியின் கெடுவும் நெருங்கிவிட்டது. பெஞ்சில் வெளிநாட்டு ஸ்ட்ரைக்கர் ஒருவன் தயாராக இருக்கிறான், அசிஸ்டன்ட் அவனைத்தான் இறக்கச் சொல்கிறான். நான் பையனைத்தான் இறக்குகிறேன்.