ஹில்குரோவ்: மலை ரயிலில் தவறவிடக் கூடாத நிறுத்தம்

மேட்டுப்பாளையம் - ஊட்டி மலை ரயிலில் போய்வந்தவர்கள் எல்லாம் குகையையும் பாலத்தையும் பற்றித்தான் சொல்கிறார்கள். எனக்கு அந்தப் பயணத்திலேயே ரொம்பப் பிடித்தது ஹில்குரோவ். கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில், சுற்றிலும் காடு, நடுவில் ஒரு குட்டி ஸ்டேஷன், பிளாட்பாரம் முழுக்கக் குரங்குகள். மலையேறும் நீராவி இன்ஜினுக்கு வழியில் தண்ணீர் வேண்டும், அதனால்தான் வண்டி இங்கே நிற்கிறது, இன்றைக்கும் அதே வேலைக்காக நிற்கிறது என்பதுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

நீலகிரிக்கு ரயில் விடலாம் என்ற பேச்சு 1854-லேயே எழுந்துவிட்டது, ஆனால் மலை அவ்வளவு லேசில் இடம் கொடுக்கவில்லை. 1891-ல்தான் வேலை ஆரம்பித்தது. 1899-ல் குன்னூர் வரை, 1908-ல் ஊட்டி வரை. 2005-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

வண்டி நின்றதும் செல்ஃபி எடுக்க ஓடாமல், முதலில் தண்டவாளத்தைக் குனிந்து பாருங்கள். நடுவில் பல் வெட்டிய இரண்டு இரும்புப் பட்டைகள் ஒட்டினாற்போல் ஓடும், ஒன்றின் பல்லும் மற்றதன் பல்லும் நேருக்கு நேர் இல்லாமல் மாறி மாறி இருக்கும், அதனால் இன்ஜினின் பல்சக்கரம் எந்த நேரத்திலும் எதையாவது கவ்விக்கொண்டே இருக்கும். ஏறக்குறைய 12 அடி நகர்ந்தால் 1 அடி ஏறுகிற சரிவில் வேறு வழியில்லை. அப்புறம் அப்படியே பின்பக்கம் நடந்து போங்கள், ஏனென்றால் இன்ஜின் பின்னால் இருந்துதான் தள்ளுகிறது. அதன் நான்கு சிலிண்டர்களில் இரண்டு சாதாரணச் சக்கரத்துக்கு, இரண்டு பல்சக்கரத்துக்கு. முதல் ஜோடியில் வேலை செய்து முடித்த நீராவியையே இரண்டாவது ஜோடிக்கு அனுப்பித் திரும்பவும் வேலை வாங்குகிறார்கள். சுவிட்சர்லாந்தில் நூறு வருஷத்துக்கு முன்னால் யோசித்த ஏற்பாடு! பெட்டிக்குப் பெட்டி ஒரு பிரேக்ஸ்மேன் நிற்பார், முன்னால் இருப்பவர் கொடி காட்டித்தான் கடைசியில் இருக்கும் டிரைவருக்குப் பாதை தெரியும்.

ஒரே வருத்தம், பயணிகள் குரங்குக்குத் தின்பண்டம் வீசிவிட்டுக் கவரையும் அங்கேயே போடுவது. தயவுசெய்து வேண்டாம், அது காடு.

46 கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட 5 மணி நேரம் ஆகும், சீக்கிரம் ஊட்டி போய்ச் சேர வேண்டும் என்பவர்கள் பஸ்ஸிலேயே போய்விடலாம். நீராவி இன்ஜின் குன்னூர் வரைதான், அதற்கு மேல் டீசல். அதனால் குன்னூரில் ஏறி ஊட்டி போனால் ஹில்குரோவும் கிடையாது, பல்சக்கரமும் கிடையாது, டிக்கெட்டை மேட்டுப்பாளையத்திலிருந்தே எடுங்கள். கோடை சீசனில் டிக்கெட் மிக வேகமாகத் தீர்ந்துவிடும். அக்டோபர், நவம்பர் மழையில் மண்சரிந்து வண்டியை ரத்து செய்வது அடிக்கடி நடக்கும், கிளம்புவதற்கு முந்தின நாளே விசாரித்துவிடுவது நல்லது.