கோ மொழியோடு எட்டு வருஷம்: பதிப்பு எண்ணை மாற்றியதைத் தவிர நான் அதிகம் செய்யவில்லை

கோ என்ற நிரல் மொழியின் 1.25 பதிப்புக்கு மாறிய அன்று, இரண்டு வருஷமாக ஒரு முனகல்கூட இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த நிரல் ஒன்று பத்தே நிமிஷத்தில் பேனிக் ஆகி, அதாவது ஓட்டத்தின் நடுவே பிழையால் நின்று, விழுந்தது. நிரலில் ஒரு வரிகூட நான் மாற்றவில்லை, அதை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரை மட்டும்தான் மாற்றினேன். பழைய பதிப்புக்குத் திரும்பினால் மறுபடி சமர்த்தாக ஓடுகிறது. சரி, கம்பைலரில்தான் பக், முறையிட்டுவிடலாம் என்று அதைக் காட்டுவதற்கு ஒரு சின்ன மாதிரி நிரல் எழுத உட்கார்ந்தேன். ஐந்தாவது வரி எழுதும்போதே அசடு வழிய ஆரம்பித்துவிட்டது.

விஷயம் இதுதான். ஒரு கோப்பைத் திறக்கிறேன். திறக்கும் ஃபங்ஷன் இரண்டு மதிப்புகளைத் தரும், ஒன்று கோப்பு, இன்னொன்று பிழை. அடுத்த வரியிலேயே பிழை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், இது கோ எழுதும் எவருக்கும் முதல் நாள் பாடம். நானோ அடுத்த வரியில் அந்தக் கோப்பின் பெயரை எடுத்து ஒரு வேரியபிளில் போட்டுவிட்டு, அதற்கும் அடுத்த வரியில்தான் பிழையைப் பார்த்திருக்கிறேன். கோப்பு இல்லையென்றால் கையில் இருப்பது நில் பாயின்டர், எதையும் சுட்டாத வெற்று முகவரி. அதனிடம் போய்ப் பெயர் கேட்டால் அங்கேயே பேனிக் ஆகியிருக்க வேண்டும். ஆகவில்லை. ஏனென்றால் 1.21-ல் கம்பைலருக்குள் நுழைந்த ஒரு பக், நில் பாயின்டர் சோதனையைச் சில இடங்களில் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தது, அதற்குள் என் பிழைச் சோதனை வந்து ஃபங்ஷனை விட்டே வெளியேறிவிடும். கம்பைலரின் தப்பு என் தப்பை இரண்டு வருஷம் போர்வை போட்டு மூடி வைத்திருந்தது. 1.25-ல் அவர்கள் தங்கள் பங்கைச் சரிசெய்துவிட்டார்கள், என் பங்கு வெளியே வந்துவிட்டது. ரிலீஸ் நோட்ஸில் உதாரணமாகக் கொடுத்திருந்த நிரல் ஏறக்குறைய என்னுடையதேதான், முன்னாடியே படித்திருக்கலாம். தேடிப் பார்த்ததில் இதே மாதிரி இன்னும் ஆறு இடம் சிக்கியது.

இந்தக் கதையை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. 2017 கடைசியில் 1.9 பதிப்பில் ஆரம்பித்ததிலிருந்து, கம்பைலரை மாற்றியதால் என் நிரல் உண்மையாகவே விழுந்தது இந்த ஒரு தடவைதான், அதிலும் குற்றவாளி நானே. வருஷத்துக்கு இரண்டு ரிலீஸ், பிப்ரவரியில் ஒன்று, ஆகஸ்டில் ஒன்று. 2012-ல் 1.0 வந்தபோது, இதற்கேற்ப எழுதிய நிரல்கள் பின்னால் வரும் 1.x பதிப்புகளிலும் கம்பைல் ஆகி ஓடும் என்று வாக்கு கொடுத்தார்கள். அந்த வாக்கின் அருமை, ஒரே நிரலை எட்டு வருஷம் கட்டிக்கொண்டு மாரடிக்கும்போதுதான் தெரிகிறது. நான் பராமரிப்பது மூன்று: கோப்புகளை வாங்கிப் பிரித்துச் சேமிக்கும் ஒரு சர்வர், அதற்கு முன்னால் நிற்கும் சின்ன ப்ராக்ஸி, அப்புறம் நானே அன்றாடம் பயன்படுத்தும் ஒரு கமாண்ட் லைன் கருவி. மூன்றுக்கும் கிடைத்த வேக முன்னேற்றத்தில் பெரும்பகுதி என் உழைப்பு இல்லை.

1.17-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதுவரை ஃபங்ஷன்களுக்கான ஆர்கியுமென்ட்களை (உள்ளே தரும் மதிப்புகளை) மெமரியில் இருக்கும் ஸ்டாக் வழியாக அனுப்பிக்கொண்டிருந்த கம்பைலர், 64-பிட் இன்டெல் வகை சிப்களில் சிப்புக்குள்ளேயே இருக்கும் ரெஜிஸ்டர் வழியாக அனுப்ப ஆரம்பித்தது. சுமார் 5% வேகம் கூடும் என்றார்கள், கம்பைல் ஆகி வரும் பைனரியின் அளவும் கொஞ்சம் இளைத்தது. நான் செய்தது மறுபடி பில்ட் செய்தது மட்டும். 1.24-ல் சாவி-மதிப்பு ஜோடிகளை வைக்கும் மேப்பின் உள்கட்டமைப்பையே தூக்கிவிட்டு ஸ்விஸ் டேபிள் என்ற வடிவத்துக்கு மாற்றினார்கள், அப்போதும் நான் செய்தது அதேதான்.

எல்லாமே ஏறுமுகம் என்றும் சொல்ல முடியாது. 1.18-ல், ஒரே ஃபங்ஷனைப் பல வகை டேட்டாவுக்கும் எழுத உதவும் ஜெனரிக்ஸ் வந்தபோது கம்பைல் வேகம் 15% வரை குறையலாம் என்று அவர்களே ஒப்புக்கொண்டார்கள், கோப்பைச் சேமித்துவிட்டு டெஸ்ட் ஓட்டினால் அந்த இழுவையை நானே உணர்ந்தேன். கம்பைல் வேகத்துக்காகவே இந்த மொழிக்கு வந்தவன் என்பதால் கொஞ்சம் கடுப்பாகத்தான் இருந்தது. 1.20-ல் அதைத் திரும்ப 1.17-இன் நிலைக்குக் கொண்டுவந்தார்கள். ஆக, ஒரு வருஷத்துக்குள் கடனை அடைத்துவிட்டார்கள்.

லூப் வேரியபிள் மாற்றத்தைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். ஃபார் லூப்பில் வரும் வேரியபிள், ஒவ்வொரு சுற்றுக்கும் புதிதாகப் பிறக்காமல், லூப் முழுக்க ஒன்றே ஒன்றாக இருந்தது. லூப்புக்குள், மற்ற வேலைகளோடு ஒரே சமயத்தில் ஓடும் ஒரு கோரூட்டீனைக் கிளப்பி, அதற்குள் அந்த வேரியபிளைப் பயன்படுத்தினால், பத்து கோரூட்டீன்களும் கடைசி மதிப்பையே பார்த்துக்கொண்டு நிற்கும். என் சர்வரில் ஒரு தடவை நாற்பது கோப்புகள் வர, கடைசிக் கோப்பை மட்டும் கிட்டத்தட்ட நாற்பது முறை சேமித்து வைத்திருந்தது. டெஸ்டில் ஒரே ஒரு கோப்பைக் கொடுத்துச் சோதித்திருந்தேன், அதனால் டெஸ்ட் பச்சை. இதே ரகப் பிழையால்தான் 2020-ல் இணையதளங்களுக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்க்ரிப்ட் அமைப்பு சுமார் 30 லட்சம் சான்றிதழ்களை ரத்து செய்ய வேண்டிய நிலைக்குப் போனது, அந்தச் செய்தி படித்தபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்ததை மறைக்க விரும்பவில்லை. அதற்கு அப்புறம் லூப்பின் முதல் வரியில் வேரியபிளை அதே பெயரில் நகல் எடுக்கும் அந்த அசட்டு வரியை எல்லா இடத்திலும் எழுதினோம். புதிதாகச் சேர்பவர்கள் "இது எதுக்கு, ஐ-க்கு ஐ-யையே கொடுக்கிறீங்க?" என்று கேட்பார்கள், விளக்க ஒரு வெள்ளைப் பலகையும் அரை மணி நேரமும் வேண்டும்.

1.22-ல், 2024 பிப்ரவரியில், இதை மாற்றினார்கள். மொழியின் அர்த்தமே மாறுகிறது என்பதால் எல்லோருக்கும் ஒரேயடியாகத் திணிக்கவில்லை. கோ.மாட் கோப்பில் கோ பதிப்பைச் சொல்லும் வரி இருக்கிறதல்லவா, அதில் 1.22 அல்லது அதற்கு மேல் இருந்தால் புதிய நடத்தை, கீழே இருந்தால் பழைய நடத்தை. ஒரே பில்டில் நாம் இழுத்துவரும் பழைய லைப்ரரி பழைய விதிப்படியும் நம் நிரல் புதிய விதிப்படியும் கம்பைல் ஆகும். அந்த நகல் வரிகளை அழித்தது இந்த எட்டு வருஷத்தில் எனக்கு மிகவும் பிடித்த கமிட், நூற்றுப்பத்து வரி காலி.

அந்தக் கோ.மாட் வரியிலேயே நானும் ஒரு தடவை சறுக்கினேன். ப்ராக்ஸியில் செய்திக்காகக் காத்திருக்கும் ஒரு செலக்ட் லூப், ஒவ்வொரு செய்திக்கும் டைம்.ஆஃப்டர் கொடுத்துப் பத்து நிமிஷ டைம்அவுட். செய்தி உடனே வந்துவிட்டாலும், அந்த டைமர் பத்து நிமிஷம் முடியும்வரை மெமரியிலேயே உட்கார்ந்திருக்கும், பயன்படாத மெமரியை மீட்கும் கார்பேஜ் கலெக்டர் அதைத் தொடாது. போக்குவரத்து கூடும்போது மெமரி வரைபடம் மலையேறும், இரவில் தானே இறங்கும். 1.23-ல் யாரும் பிடித்துக்கொண்டிருக்காத டைமரை உடனே கலெக்டர் எடுத்துக்கொள்ளலாம் என்று மாற்றினார்கள். ஆசையாகக் கம்பைலரை மாற்றிவிட்டு இரண்டு வாரம் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், மலை அப்படியே இருந்தது. கோ.மாட்டில் 1.21 என்றே விட்டிருந்தேன். அந்த ஒரு வரியை மாற்றிய மறுநாள் மலை தரையானது.

மெமரி என்றதும் நினைவுக்கு வருவது 1.19-ல் வந்த கோமெம்லிமிட், மெமரிக்கு உச்சவரம்பு வைக்கும் அமைப்பு. கார்பேஜ் கலெக்டர் இயல்பாக, உயிரோடு இருக்கும் டேட்டா ஏறக்குறைய இரண்டு மடங்காக வளரும்வரை அடுத்த சுற்றுக்குக் காத்திருக்கும். உயிரோடு 300 எம்பி இருந்தால் 600 வரை போகும், நிரலை அடைத்து ஓடவிடும் கன்டெய்னருக்கு 512தான் கொடுத்திருந்தால் கதை முடிந்தது, இயங்குதளத்தின் கெர்னல் கொன்றுவிடும். என் சர்வர் வாரத்துக்கு ஒரு முறை அப்படித்தான் செத்துக்கொண்டிருந்தது. இப்போது உச்சவரம்பு 450 என்று சொல்லிவிட்டால், அதை நெருங்கும்போது கலெக்டர் அடிக்கடி ஓடிச் சமாளிக்கிறது. ஆனால் உயிரோடு இருக்கும் டேட்டாவே 440 என்றால் இது மந்திரக்கோல் இல்லை, சிபியுவைத் தின்று தீர்க்கும். தின்பதற்கும் சுமார் 50% என்று வரம்பு வைத்திருக்கிறார்கள், அதைத் தாண்டினால் மெமரி வரம்பை மீற விட்டுவிடும்.

இதன் சிபியு தம்பிதான் 1.25-ல் வந்த மாற்றம். 64 கோர் உள்ள இயந்திரத்தில் 2 கோர் மட்டும் ஒதுக்கிய கன்டெய்னருக்குள் ஓடினாலும், பழைய கோ 64 கோரும் தன் அப்பன் வீட்டுச் சொத்து என்று நினைத்து ஒரே நேரத்தில் 64 த்ரெட்களை ஓடவிடும். ஒதுக்கிய பங்கு கண்மூடித் திறப்பதற்குள் தீர்ந்துபோய், மிச்ச நேரம் முழுக்கக் கெர்னல் அதைக் கட்டிப்போட்டு வைக்கும், சராசரி பதில் நேரம் நன்றாக இருக்கும், நூற்றில் ஒரு கோரிக்கை மட்டும் காரணமே தெரியாமல் தாமதிக்கும். இதற்கென்றே ஒரு வெளி லைப்ரரியை இம்போர்ட் செய்வோம். இப்போது லினக்ஸில் நிரலோடு சேர்ந்தே ஓடும் கோ ரன்டைமே அந்த ஒதுக்கீட்டைப் படித்துக்கொள்கிறது. அந்த இம்போர்ட் வரியும் போயிற்று.

ஸ்டாண்டர்ட் லைப்ரரியில் எனக்கு நடந்ததும் பெரும்பாலும் இப்படி அழித்த கதைதான். 1.21-ல் ஸ்லைசஸ், மேப்ஸ் பேக்கேஜ்களும் மின், மேக்ஸ் இரண்டும் வந்தபோது என் 'யுடில்' ஃபோல்டரில் பாதி வேலையிழந்தது. இரண்டு முழு எண்ணில் பெரியது எது என்று கண்டுபிடிக்கும் ஃபங்ஷனை மூன்று நிரலிலும் தனித்தனியாக எழுதி வைத்திருந்தேன், இதை 2023 வரை சொந்தமாக எழுத வேண்டியிருந்தது என்பதே ஒரு வெட்கக்கேடு. அதே பதிப்பில் எஸ்லாக் என்ற லாக் பேக்கேஜ் வந்து, நான் பயன்படுத்திய லாக் லைப்ரரி போயிற்று. 1.22-ல், வரும் கோரிக்கையை உரிய ஃபங்ஷனுக்கு அனுப்பும் எச்டிடிபி ரூட்டர் 'கெட்', 'போஸ்ட்' வேறுபாட்டையும் பாதைக்குள் இருக்கும் வைல்ட்கார்டையும் புரிந்துகொள்ள ஆரம்பித்ததும் வெளி ரூட்டரும் போயிற்று. நிரல் எங்கே நேரம் செலவிடுகிறது என்ற பதிவான ப்ரொஃபைலைக் கொடுத்துக் கம்பைல் செய்யும் பிஜிஓ-வையும் முயன்றேன், 2 முதல் 7% வேகம் கூடும் என்று 1.21-ல் சொன்னார்கள், எனக்குப் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை, ப்ரொஃபைலைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கப் பொறுமையும் இல்லை.

பிடிக்காததும் இருக்கிறது. பிழை நில்லா என்று மூன்று வரிக்கு ஒரு முறை கேட்கும் அந்தச் சடங்கு அப்படியே இருக்கிறது, 2019-ல் 'ட்ரை' என்று ஒரு யோசனை வந்து எதிர்ப்பில் கைவிடப்பட்டது, 2025 ஜூனில் இனி இதற்கான தொடரியல் மாற்றங்களில் இறங்கப் போவதில்லை என்றே சொல்லிவிட்டார்கள். பழகிவிட்டது, விடுங்கள். குறிப்பிட்ட சில மதிப்புகளை மட்டுமே ஏற்கும் வகையான 'enum' இல்லாததுதான் எனக்கு இன்னும் பழகவில்லை. மாறிலிகளை வரிசையாக எழுதி, ஸ்விட்சில் ஒன்றை மறந்தால், கம்பைலர் கல் மாதிரி இருக்கிறது. பயன்படுத்தாத இம்போர்ட்டுக்கு மட்டும் பில்டையே நிறுத்துகிறது!

இன்னொன்று நம்மைப் போன்றவர்களுக்கு மட்டும் உறைப்பது. எல்லா மொழி எழுத்துகளையும் கணினியில் குறிக்கும் யூடிஎஃப்-8-ஐ வடிவமைத்த கென் தாம்சனும் ராப் பைக்கும், ராபர்ட் கிரீசெமரோடு சேர்ந்து உருவாக்கிய மொழி இது, ஆனாலும் 'கி' என்ற ஓர் எழுத்தை ரேஞ்ச் லூப்பில் விட்டால் ககரமும் இகரக் குறியுமாக இரண்டு ரூன் (யூனிகோட் குறி) வரும், சேர்த்து ஓர் எழுத்தாக எண்ண ஸ்டாண்டர்ட் லைப்ரரியில் இன்றும் வழியில்லை. வேரியபிளுக்கு 'பட' என்று பெயர் வைக்கலாம், 'படி' என்று வைத்தால் கம்பைலர் மறுத்துவிடும், உயிர்மெய்க் குறி அதன் கணக்கில் எழுத்தே இல்லை.

இப்போது கையில் இருப்பது 1.25-ல் பரிசோதனையாக வந்த ஜேசான் வி2, நிரல்கள் டேட்டாவைப் பரிமாறிக்கொள்ளும் ஜேசான் வடிவத்துக்கான பேக்கேஜின் புதிய பதிப்பு. பழைய ஜேசான் பேக்கேஜில் நில் ஸ்லைஸ் (இன்னும் உருவாக்காத பட்டியல்) 'நல்' என்று போய் எதிர்முனையில் இருப்பவரைக் குழப்பும், வி2-வில் அது காலி பட்டியலாகவே போகிறது. ஒரே பெயரில் இரண்டு புலம் வந்தால் கண்டுகொள்ளாமல் விடுவதில்லை, பிழை என்கிறது. பில்ட் செய்யும்போது ஒரு அமைப்பை இயக்கினால், பழைய பேக்கேஜே உள்ளுக்குள் புதிய எஞ்சினில் ஓடும், நடத்தை மாறாது, பிழை வாசகங்கள் மட்டும் மாறலாம் என்று எச்சரித்திருந்தார்கள். இந்த முறை ரிலீஸ் நோட்ஸைப் படித்துவிட்டுத்தான் ஓட்டினேன். நான்கு டெஸ்ட் விழுந்தன. நான்குமே பிழை வாசகத்தை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுபவை, மேலே 2019-ல் நானே போட்ட கமென்ட்: "இது எங்கே மாறப் போகிறது."