பெங்களூரு அல்சூர் பக்கத்து ஃப்ளாக் ஃபுட்பால் வகுப்பு: கோச்சுக்கு நிறைய மார்க், டர்ஃபுக்குக் கம்மி

பெலேவுக்குச் சிலை வைத்திருக்கும் கௌதம்புரத்துக்குப் பக்கத்திலேயே கையால் ஆடும் ஃபுட்பாலுக்கு வகுப்பு நடக்கிறது. அமெரிக்க ஃபுட்பாலில் மோதலைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது இது. ஆளைச் சாய்க்க வேண்டாம், இடுப்புப் பட்டையில் தொங்கும் கொடியை உருவினால் போதும். அணிக்கு 5 பேர். 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கிலும் உண்டு.

கொடி உருவுவதை நன்றாகச் சொல்லித் தருகிறார்கள். தோளை ஆட்டி ஏமாற்றலாம், இடுப்பை அப்படி ஆட்ட முடியாது. அதனால் பார்வை இடுப்பிலேயே. கிட்டே போனதும் காலடியைச் சுருக்கி, முழங்காலை மடக்கி, இரண்டு கையையும் நீட்ட வேண்டும். பாய்ந்து விழுகிற பிள்ளைக்கு வெறுங்கைதான். பாக்கெட் வைத்த ஷார்ட்ஸ் போட்டு வந்தால் உட்கார வைத்துவிடுகிறார்கள். நியாயம்தான்: உருவும் வேகத்தில் பாக்கெட்டில் விரல் மாட்டினால் முறியும். டீ-ஷர்ட்டையும் உள்ளே செருகியாக வேண்டும், தொங்கினால் கொடி மறைந்துவிடும்.

பயிற்சியில் கோச் ஸ்கோரே எழுதுவதில்லை. இது அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் கோச் நிக் சேபன் வழி. லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் (எல்எஸ்யூ) 1, அலபாமாவில் 6 என்று 7 தேசியப் பட்டம் வென்று 2024 ஜனவரியில் ஓய்வு பெற்றவர் அவர். 1998இல் மிச்சிகன் ஸ்டேட் கோச்சாக இருந்தபோது, மனநலப் பேராசிரியர் லயனல் ரோசன் ஒரு யோசனை சொன்னார்: ஒரு ப்ளே (பந்து கிளம்பி ஆட்டம் நிற்கும் வரை) சராசரியாக 7 விநாடிதான், ஸ்கோரை விட்டு அந்த 7 விநாடியை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். முதலிடத்தில் இருந்த ஒஹையோ ஸ்டேட் அவர் அணியிடம் 28-24 என்று தோற்றது. ஃப்ளாக்கிலும் குவார்ட்டர்பேக் (பந்தை எறிபவர்) பந்தை எறிய 7 விநாடிதான் கெடு. கோச் அதை உரக்க எண்ணுகிறார். 'அஞ்சு' கேட்டதும் பதறி எறியாமல் இருப்பதே இங்கே பாடம்.

குறை இடத்தில்தான். முழு மைதானம் 70 கெஜத்துக்கு 25 கெஜம். ஐவர் கால்பந்து ஆடும் செயற்கைப் புல் டர்ஃபில் அது அடங்காது. போதாததற்குத் தலைக்கு மேலே வலை. உயர எறிந்த பந்து அதில் பட்டுச் சொத்தென்று விழுகிறது. பிள்ளைகள் தட்டையாகவே எறியப் பழகிவிடுகிறார்கள்; திறந்த மைதானத்தில் அந்தப் பந்து நேரே எதிராளி கைக்குப் போகும்.

பந்தும் பெரியவர்கள் அளவு. ஒன்பது வயதுக் கை பந்தின் மேல் தைத்த கயிறான லேஸை எட்டாமல் உள்ளங்கையால் அமுக்கிப் பிடிக்கிறது, பந்து சுழலாமல் தள்ளாடுகிறது. ஜூனியர் அளவு ஒன்று வாங்கிக் கொடுத்தனுப்புங்கள். காற்றடிக்கும் முன் பம்ப் ஊசியை நனைத்துக்கொள்ளுங்கள், உலர்ந்த ஊசி வால்வைக் கிழித்துவிடும்.