வேகமா சாப்பிடுறவரை மெதுவாக்க: கொஞ்சமா பரிமாறுறதா, நல்லா மென்னு சாப்பிட வைக்கிற சமையலா?

எங்க வீட்டுக்காரர் உக்காந்தா அஞ்சே நிமிஷம், தட்டு காலி. வயிறு நிறைஞ்சது மூளைக்கு தெரிய சுமாரா 20 நிமிஷம் ஆகுமாம், அதுக்குள்ள இவரு மூணாவது ரவுண்டு முடிச்சிருவாரு, அப்புறம் ராத்திரி பூரா ஏப்பம்.

முதல்ல ஒவ்வொரு கரண்டியா வச்சு பாத்தேன். செலவில்ல, ஆனா நான் நின்னுட்டே இருக்கணும், என் சாப்பாடு ஆறிடும், அதோட அந்த ஒரு கரண்டியையும் அதே ஸ்பீடுல தான் முழுங்குறாரு, நடுவுல கேப் விழுது அவ்ளோதான். தோசைக்கு மட்டும் இது சூப்பர், ஒண்ணு ஒண்ணா தானே சுடுறோம்.

அப்புறம் சமையலையே மாத்தினேன். முருங்கைக்காய் சாம்பார், கொண்டைக்கடலை சுண்டல், கேரட் வெள்ளரி நறுக்கி ஓரத்துல. முருங்கைக்காயை யாராலயும் அவசரமா சாப்பிட முடியாது, நிறுத்தி உறிஞ்சி சக்கையை துப்பித்தான் ஆகணும்! முள்ளு மீனும் யோசிச்சேன், அவசரக்காரர் தொண்டைல மாட்டிக்கும்னு விட்டுட்டேன். பல்லு சரியில்லாத மாமியாருக்கு மட்டும் தனியா குழைய வேக வைக்கணும், அது ஒரு வேலை.

எனக்கு ரெண்டாவது தான் செட் ஆச்சு, தயிர்சாதம் அன்னிக்கு மட்டும் பழைய கதை தான்.